பதிவு செய்யப்படாத எண்

ஒரு தாய் தன் மகளோடு பேசுவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்தவன் நான். வேண்டுமென்று அடைக்கவில்லை. பொன்னாடை போர்த்திக்கொண்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு அடைத்தேன்.

ஆல்டன் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தோட்டம் என்பது பேருக்குத்தான். ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையில் பாதி போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு சர்வர் வைத்து, அலுவலகத் தொலைபேசி, வகுப்பறை ஒலிபெருக்கி, பள்ளி மணி, பெற்றோரின் கைப்பேசிக்குப் போகும் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அதோடு இணைத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஈப்போவில் சின்னதாகக் கடை வைத்து இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பெயர் தர்மேந்திரன்.

முதல் கூட்டத்தில் என்னோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை நித்யகல்யாணி, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பெரியநாயகம், அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி புஷ்பலதா. கோயில் கோயிலாக, சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கி நிதி திரட்டியவர் பெரியநாயகம். அதனால் பேச்சும் அவருடையதாகவே இருந்தது.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் கேட்கும் கேள்வியை அங்கேயும் கேட்டேன். "இந்தப் பழைய நம்பருக்கு யார் யார் கூப்பிடுறாங்க?"

"யாரு கூப்பிடப் போறா? எல்லாம் வாட்ஸ்அப்லதானே ஓடுது," என்றார் பெரியநாயகம். "மிச்சம் வாரதெல்லாம் ஸ்கேம்லா. போலீஸ்லேருந்து பேசுறேன், கோர்ட்லேருந்து பேசுறேன்னு. போன மாசம் ஒரு டீச்சர் அழுதுக்கிட்டே பேங்குக்கு ஓடினாங்க. கல்வி இலாகா நம்பர், பதிவு பண்ணின பெற்றோர் நம்பர், இது மட்டும் உள்ள வரட்டும். மத்ததெல்லாம் அடைச்சிருங்க தம்பி. முடியும்ல, போலே?"

"போலே," என்றேன். அவர் கேட்டது இரண்டு வரி அமைப்பு. முடியாது என்று சொல்ல என்ன இருக்கிறது?

புஷ்பலதா அக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியநாயகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "தேத்தண்ணி கொண்டாரட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தடுக்கப்பட்டவர்களுக்கு ஓர் அறிவிப்பு ஒலிக்க வேண்டும். மென்பொருளோடு வந்த குரல் ஆங்கிலக்காரியுடையது. பெரியநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. "தமிழ்ப்பள்ளிலா, தமிழ்ல பேசட்டும். நம்ம கேரன் இருக்கால்ல?" என்றார். கேரன் அவருடைய தம்பி மகள். நான்காம் ஆண்டு படிக்கிறாள், கதை சொல்லும் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். தம்பி இறந்த பிறகு அவர்தான் வளர்க்கிறார் என்று தலைமையாசிரியை சொன்னார். அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேரன் சீருடையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். பெரியப்பா எழுதிக் கொடுத்ததை ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, என் ஒலிவாங்கியில் பேசினாள். "வணக்கம். உங்கள் எண் எங்கள் பள்ளியில் பதிவு செய்யப்படவில்லை. தயவுசெய்து மீண்டும் அழைக்க வேண்டாம். நன்றி." திருத்த ஒன்றுமே இல்லை. ழகரமெல்லாம் அவ்வளவு சுத்தம். பெரியநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

திறப்பு விழா நடத்தினார்கள். ஆசிரியர் அறையின் இரும்பு அலமாரிக்குள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு மாலை போட்டு, எனக்குப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் கடையில் மாட்டி வைத்திருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

சில வாரங்கள் கழித்து புஷ்பலதா அக்கா கூப்பிட்டார். பள்ளி எண்ணிலிருந்து அல்ல, சொந்தக் கைப்பேசியில்.

"தம்பி, புதன்கிழமை, பிள்ளைங்க சாப்பிடப் போற ரேஹாட் நேரத்துல ஒரு போன் வரும். இப்ப வர மாட்டேங்குது."

"யாரு போன்க்கா?"

அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவது கேட்டது. "கேரனோட அம்மா. விமலா."

கணவன் போன அதிர்ச்சியில் விமலாவுக்கு மனம் பேதலித்துவிட்டதாம். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் கொஞ்ச காலம் இருந்து, தேறி வெளியே வந்து, இப்போது சிம்மோர் பக்கம் சர்ச்காரர்கள் நடத்தும் ஓர் இல்லத்தில் இருக்கிறார். பிள்ளையை எடுத்துக்கொண்ட பெரியநாயகம் வீட்டு எண்ணை மாற்றிவிட்டார். "அவரு கெட்டவரு இல்ல தம்பி. விமலா பிள்ளையக் கையில புடிச்சிக்கிட்டு தண்டவாளத்துல நடந்து போனப்ப ஓடிப் போய் இழுத்தவரு அவருதான். அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகல," என்றார் அக்கா.

விமலாவுக்குத் தெரிந்த எண் பள்ளியின் எண் ஒன்றுதான். அவரும் அதே பள்ளியில் படித்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாருக்குத் தொலைபேசி வந்தாலும் பள்ளி அலுவலகத்துக்குத்தான் வரும், கிராணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வருவார். தோட்டம் போன பிறகும் அந்தப் பழக்கத்தை அக்கா விடவில்லை. புதன்கிழமை ரேஹாட் மணி அடித்ததும், புத்தகம் தூக்க வேண்டும் என்று சொல்லி கேரனை அழைத்து வந்து, கதவைச் சாத்தி, ரிசீவரைக் கையில் கொடுத்துவிடுவாராம். பெரியநாயகத்துக்குத் தெரியாது. தலைமையாசிரியைக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கூட்டத்துல ஏன்க்கா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"அவரு முன்னாலயா சொல்லச் சொல்றீங்க?"

"அப்புறமாவது என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களை எனக்கு என்ன தெரியும் தம்பி? அவரு கூட்டிட்டு வந்த ஆளு நீங்க."

அவர் சொன்னது நியாயம்தான்.

"புதன்கிழமை ஆனா பிள்ளை அது பாட்டுக்கு வந்து ஆபீஸ் வாசல்ல நிக்குது," என்றார். "அம்மா என்னய மறந்துட்டாங்களான்னு கேக்குது. என்னால முடியலப்பா."

கடையிலிருந்தே பள்ளியின் சர்வரைத் திறந்து பார்க்க எனக்கு வழி இருக்கிறது. பார்த்தேன். புதன்கிழமைகளில், ரேஹாட் நேரத்தில், ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்திருந்தது. ஒவ்வொன்றையும் என் அமைப்பு ஒழுங்காகத் திருப்பி அனுப்பியிருந்தது. பிறகு அந்த எண் வரவே இல்லை.

அப்போதுதான் அந்த அறிவிப்பு நினைவுக்கு வந்தது. அந்த அம்மா எண்ணை அழுத்தியிருக்கிறார். மகளின் குரல் வந்திருக்கிறது. உங்கள் எண் எங்கள் பள்ளியில் பதிவு செய்யப்படவில்லை, மீண்டும் அழைக்க வேண்டாம், நன்றி. வைத்துவிட்டு மறுபடியும் அழுத்தியிருக்கிறார். மறுபடியும் அதே மகள், அதே பதில். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து என்னாச்சு என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உடனே அந்த எண்ணுக்கு வழி திறந்தேன், அறிவிப்பையும் அழித்தேன். அடுத்த புதன்கிழமை அழைப்பு வரவில்லை. வியாழக்கிழமை சிம்மோருக்குக் கிளம்பினேன்.

இல்லத்தை நடத்துபவர் சிஸ்டர் பெட்ரீசியா. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அழிப்பதற்கு முன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"விமலா வந்து என்கிட்ட சொல்லிச்சு தம்பி. கேரன் என்னக் கூப்பிடாதன்னு சொல்லுது சிஸ்டர், ஒரே மாதிரி சொல்லுதுன்னு. பத்து வயசுப் பிள்ளை பெத்தவகிட்ட, உங்க எண் பதிவு செய்யப்படலன்னு பேசுமா? நோவு திரும்பிருச்சுன்னு நெனச்சிட்டேன்."

"நீங்க ஒரு தடவை அந்த நம்பருக்கு அடிச்சுப் பாத்திருக்கலாமே சிஸ்டர்," என்றேன். என் குரல் தடித்திருந்தது. யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "முன்னெல்லாம் விமலாவுக்குத் தண்ணிக் குழாய்ல கேரன் குரல் கேக்கும், மேல சுத்துற காத்தாடில கேக்கும். அப்பவும் நான் குழாய்ல காத வச்சுப் பாக்கல தம்பி."

மருத்துவர் மாத்திரையைக் கூட்டிவிட்டாராம். தொலைபேசியை நிறுத்திவிட்டு, குரல் கேட்டால் பதில் பேசாதே, அது நிஜமில்லை, உடனே என்னிடம் வந்து சொல் என்று சிஸ்டர் பழக்கிவிட்டார். விமலா நன்றாகப் பழகிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது சிஸ்டருக்கு அழுகை வந்தது. ஆண்டு இறுதி விடுமுறையில் பிள்ளையை ஒரு வாரம் தாயோடு விடச் சொல்லி பெரியநாயகத்திடம் பேசுவதாக இருந்தாராம். இப்போது எந்த முகத்தோடு போய்ப் பேசுவது?

விமலாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் ஏதோ கிழவியைப் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயதுதான் இருக்கும். தலையைப் படியச் சீவி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"விமலா, போன்ல நீ கேட்டது மெஷின்மா. கேரன் உன்னக் கூப்பிடாதன்னு சொல்லல."

"ஆமா சிஸ்டர். அது கேரன் இல்ல."

"இல்லம்மா, குரல் கேரனோடதுதான். பதிவு பண்ணி வச்சது."

"சரி சிஸ்டர்."

எதைச் சொன்னாலும் தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நெஜமாவே அந்தக் குரல் இருந்துச்சு. நான்தான் அதை வச்சேன். உங்க மேல தப்பே இல்லக்கா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் அப்படி ஒரு இரக்கம். "உங்களுக்கும் கேக்குதா?" என்று கேட்டார்.

பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். சிஸ்டர் வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டார். விமலா எழுந்து போன பிறகு, "பெத்த பிள்ளையே நேரா பேசினாத்தான் தெளியும். புதன்கிழமை நானே நம்பர் போட்டுக் குடுக்குறேன்," என்றார். பிள்ளையை நேரில் அழைத்துப் போகலாம் என்றால் பெரியநாயகத்தைக் கேட்காமல் பள்ளிக்கு வெளியே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. கேட்டால் அக்காவின் வேலை போய்விடும், அதோடு இந்த வழியும் போய்விடும்.

புதன்கிழமை, சர்வரைப் பரிசோதிக்க வந்திருப்பதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ரேஹாட் மணி அடித்தது. அக்கா கேரனை அழைத்து வந்து கதவைச் சாத்தினார். அம்மா பேசப் போகிறார் என்று சொன்னதும் பிள்ளை ரிப்பனை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நான் தொலைபேசியின் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். என் அதிகப்பிரசங்கித்தனம் அங்கேயும் என்னை விடவில்லை.

"விமலா, இந்தா, பேசு," என்று சிஸ்டரின் குரல் கேட்டது.

"அம்மா, நான் கேரன்மா. நல்லா இருக்கீங்களா? ஏன்மா போன் பண்ணல?"

மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா, எனக்குக் கோவமெல்லாம் இல்லமா. பேசுங்கம்மா."

மூச்சுச் சத்தம் கொஞ்சம் வேகமாயிற்று. பிறகு ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளி விமலாவின் குரல் தெளிவாகக் கேட்டது. பாடத்தை ஒப்பித்து முடித்தவர் போல மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"சிஸ்டர், அந்தக் குரல் மறுபடியும் வந்துச்சு. நான் பதிலே பேசல, பாத்தீங்களா?"

சிஸ்டர் ஏதோ கெஞ்சினார். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. புஷ்பலதா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். கேரன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அம்மா, அம்மா என்று இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத்தான் பார்த்தாள்.

"அங்கிள், நான் பேசுறது அம்மாவுக்குக் கேக்கலயா? லைன் சரியில்லயா?"

"ஆமாம்மா, லைன்தான் சரியில்ல. இரு, பாக்குறேன்," என்றேன்.

ஆசிரியர் அறைக்குப் போய், இரும்பு அலமாரியைத் திறந்து, எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கேபிளைப் பிடுங்கினேன், அதையே திரும்பச் செருகினேன். அவள் பின்னாலேயே வந்து, ரேஹாட் முடியும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.