பெரியக்காவைப் பாத்து ஓடின கடல்

பெரியக்கா பஸ்ஸை விட்டு இறங்கி மணல்ல கால் வச்சதும் கடல் பின்னாடி போயிடுச்சு. அலை போய்த் திரும்பி வருமே, அந்த மாதிரி இல்ல. மொத்தக் கடலும் பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுற மாதிரி ஓடி, அந்தக் கோடியில ஒரு கோடா நின்னுக்கிச்சு. படகெல்லாம் ஈரத் தரையில ஒருக்களிச்சுப் படுத்துக்கிச்சு. பஸ்ஸுல மைக்கைப் பிடிச்சு இடத்தைப் பத்தி விளக்கம் சொல்லிக்கிட்டு வர்றவரு, அவரை எல்லாரும் மைக்காரர்னுதான் கூப்பிட்டாங்க, வாட்சைப் பாத்துட்டு, "இது நம்ம முதல் ஸ்டாப்புங்க, எல்லாரும் கடலை நல்லா ரசிச்சுட்டு சீக்கிரம் வந்துடுங்க"ன்னாரு. அவரு என்ன பண்ணுவாரு, மனப்பாடம் பண்ணினது அதுதான். கடல் இருந்தாலும் அதைத்தான் சொல்லணும், இல்லாட்டியும் அதைத்தான் சொல்லணும்.

பெரியக்கா யாருன்னா, கடலுக்கும் அவங்க ஊருக்கும் நடுவுல ஒரு மலையே இருக்கு, அந்த ஊர்ல குழந்தைங்க காப்பகத்துல வேலை பாத்தவங்க. அம்மா அப்பா வேலைக்குப் போற வீட்டுக் குழந்தைங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வச்சு, சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிற வேலை. கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல. அங்க இருந்தவங்கள்ல மூத்தவங்கன்னு பெரியக்கான்னு பேரு ஒட்டிக்கிச்சு. குழந்தைங்க தூங்குற ரூம் சுவத்துல நீளத்துக்கும் கடல் படம் வரைஞ்சு வச்சிருந்தாங்க. "கடல் என்ன சத்தம் போடும்?"னு ஏதாவது ஒண்ணு கேக்கும். "ஷ்ஷ்ஷ்னு சொல்லும், நான் சொல்லலையா, அதே மாதிரி. கண்ணை மூடு"ன்னு தட்டிக் கொடுப்பாங்க. கடலைப் பாத்ததே கிடையாது, சும்மா அடிச்சு விட்டதுதான். அப்படித் தட்டிக் கொடுத்துத் தூங்க வச்ச குழந்தைங்க எல்லாம் ஸ்கூலுக்குப் போனதும் மறந்துடும். அடுத்த வருஷம் ரோட்டுல பாத்தா, யாரோ எவரோன்னு அம்மா முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். "அதுங்க என்ன பண்ணும், மண்டை அவ்வளவுதான்"னு பெரியக்கா சிரிச்சுக்குவாங்க. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் விளக்குப் போடாம உக்காந்திருப்பாங்க. அவங்க ரிட்டையர் ஆனப்ப கூட வேலை பாத்தவங்க எல்லாம் சேர்ந்து கடலோர பஸ் டூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தாங்க. ஒருநாள் டூர், ஜன்னல் சீட்டு. துணைக்கு யாரு வர்றாங்கன்னு கேட்டதுக்கு, "கடல் இருக்கே"ன்னாங்களாம். ஒரே ஒரு தரம் கடல் வந்து காலைத் தொடணும், தான் சொன்ன சத்தம் சரியான்னு கேக்கணும். வேற ஆசை இல்ல.

அதனாலதான் முதல் ஸ்டாப்புல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு அந்த ஓட்டம் ஓடினாங்க. ஓட ஓட அது தள்ளிப் போச்சு. மூச்சு வாங்கி நின்னா அதுவும் நின்னுச்சு. காலுக்குக் கீழ ஈரம் மட்டும்தான்.

ரெண்டாவது ஸ்டாப் ஒரு மலை உச்சி. பெரியக்கா இறங்கிக் கம்பியைப் பிடிச்சு எட்டிப் பாத்தாங்க, கடல் அங்க இருந்தும் காலி பண்ணிடுச்சு. ஆனா அன்னைக்கு அதுக்குக் கீழ இருந்ததைப் பாத்தவங்க யாரும் ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க. கடலுக்கு அடியில இன்னொரு நாடே இருந்துச்சு. மலை, மலைக்கு நடுவுல பள்ளம், பள்ளத்துல ஆளே நடக்காத பாதை, பாதை ஓரமா செகப்பும் ஊதாவுமா மரம் மாதிரி ஏதேதோ, அதுல இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி. ஒரு பெரிய கப்பல் தரையில குந்திக்கிட்டு இருந்துச்சு, அதுல சமையல்காரர் ஒருத்தரு கொடியில துண்டு காயப் போட்டுக்கிட்டே மேல இருந்தவங்களுக்குக் கையாட்டினாரு. ஒரு திமிங்கிலம் ஆஸ்பத்திரி பெஞ்சுல முறைக்குக் காத்திருக்கிறவங்க மாதிரி பொறுமையாப் படுத்திருந்துச்சு. அதோட கண்ணு மலை உச்சி வரைக்கும் பாத்துச்சு. பஸ்ஸுல வந்தவங்க எல்லாரும் பக்கத்துல நின்னவங்க யாரு எவருன்னு பாக்காம கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அது எவ்வளவு நேரத்துக்கு? அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள தொப்பி போட்ட ஒருத்தரு ஆரம்பிச்சுட்டாரு. "கடலைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்துட்டு கடல் அடியைக் காட்டுனா என்னங்க அர்த்தம்?" பக்கத்துல அவரு சம்சாரம், "வீட்டுல பாத்ரூம்ல கூடத் தண்ணி வரலன்னு இப்படித்தான் கத்துவாரு, நீங்க கண்டுக்காதீங்க"ன்னாங்க. சாப்பாட்டுக்கு நிறுத்தின இடத்துல பெரியக்கா கண்ணாடியைத் தேடிக்கிட்டு பஸ்ஸுக்குள்ளயே தங்கிட்டாங்க, கடல் பாட்டுக்குக் கரையில அலையடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவங்க இறங்கினாங்க, போயிடுச்சு. தொப்பிக்காரருக்குப் பொறி தட்டிடுச்சு. "அம்மா, கொஞ்சம் ஏறுங்க." ஏறினாங்க, வந்துச்சு. "இறங்குங்க." போச்சு. "மறுபடி ஏறுங்க"ன்னதும் அவரு சம்சாரம், "அவங்க என்ன சுவிட்சா, போட்டு அமத்திப் பாக்குறதுக்கு?"ன்னு ஒரு அதட்டு அதட்டினாங்க. ஆனாலும் எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. வாயைத் திறந்து யாரும் கேக்கல, பெரியக்காவே புரிஞ்சுக்கிட்டாங்க. "நான் உள்ளயே இருக்கேன்ப்பா, நீங்க பாருங்க"ன்னு சீட்டுல உக்காந்து திரையை இழுத்து மூடிக்கிட்டாங்க. வெளிய எல்லாரும் தண்ணியில குதிச்சுக் கும்மாளம் போடுற சத்தம் கேட்டுச்சு. இனி ஒரே ஒரு ஸ்டாப்தான் பாக்கி.

டிரைவரும் இறங்கல. ஸ்டியரிங்ல கையை வச்சுக்கிட்டே திரும்பிப் பாத்தாரு.

"அழுவுறீங்களாக்கா?"

"இல்லப்பா, கண்ணுல மண்ணு."

"என் பொண்ணும் இப்படித்தான்க்கா பண்ணும். நாள் கணக்குல வண்டியிலயே கிடந்துட்டு வீட்டுக்குப் போறேன்ல, பாத்த உடனே ஆசையா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடுவேன். வீல்னு கத்திக்கிட்டு அவங்க அம்மா பின்னாடி பூந்துக்கும். பெத்த அப்பன் நான், என்னைப் பாத்து!"

"பின்ன, அப்படி ஓடினா எந்தப் பிள்ளை வரும்? புது மூஞ்சியைப் பாத்தா அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா? நீ அது பக்கமே பாக்கக் கூடாது. முதுகைக் காட்டிக்கிட்டு ஏதாவது வேலையைப் பாரு. அதுவா வந்து..." பெரியக்கா பாதியில நிறுத்திட்டாங்க. காலையில இருந்து தான் ஓடின ஓட்டம் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் புதுசா வர்ற ஆயாங்களை, "கையை விரிச்சுக்கிட்டு ஓடாதீங்கடி, பூச்சாண்டி மாதிரி"ன்னு திட்டுறதே அவங்கதான். "அட மடச்சி"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

கடைசி ஸ்டாப் வந்தப்ப வெயில் சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெரியக்கா பஸ்ஸுல குவிஞ்சு கிடந்த துண்டையெல்லாம் அள்ளிக்கிட்டு, ரிவர்ஸ் எடுக்கிற வண்டி மாதிரி பின்பக்கமாவே படியில இறங்கி, பின்பக்கமாவே நடந்துபோய் மணல்ல உக்காந்தாங்க. கடல் ஓடிடுச்சுதான். அவங்க திரும்பிக்கூடப் பாக்கல. முதல் துண்டை உதறி மடிக்க ஆரம்பிச்சாங்க. "யாரும் அந்தப் பக்கம் பாக்காதீங்க, அவங்கவங்க வேலையைப் பாருங்க"ன்னாங்க. அந்தக் குரலுக்குப் படுத்துத் தூங்காத குழந்தையே கிடையாது, பெரியவங்க எந்த மூலைக்கு? மைக்காரர்ல இருந்து எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வரிசையா நின்னு பஸ்ஸை ரசிச்சாங்க. தொப்பிக்காரரு லேசாத் திரும்பினாரு, இடுப்புல ஒரு கிள்ளு விழுந்துச்சு, நேரா நின்னுட்டாரு.

ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் உப்பு வாடை வந்துச்சு. மடிச்சு வச்ச துண்டு ஒண்ணை ஏதோ மெல்ல இழுத்துச்சு. பெரியக்கா திரும்பாமலேயே அதை வாங்கி, மடிச்சு, திரும்ப அதே இடத்துல வச்சாங்க. மறுபடி இழுத்துச்சு. மறுபடி மடிச்சாங்க. கொஞ்ச நேரம் அதுவே விளையாட்டாப் போச்சு. அப்புறம் குதிங்காலைத் தொட்டுப் பாத்துச்சு, தொட்டுட்டு ஓடிச்சு, திரும்ப வந்துச்சு. அப்புறம் மடியில ஏறி உக்காந்துக்கிச்சு. பஸ் கண்ணாடியிலதான் மத்தவங்க பாத்தாங்க. பெரியக்காவுக்குப் பின்னாடி கடல் மாடி வீடு உயரத்துக்கு எழுந்து நின்னு, அவங்க என்ன மடிக்கிறாங்கன்னு தோள் வழியா எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. சாயுற சூரியன் அதுக்குள்ள தெரிஞ்சுச்சு. சூரியனுக்குக் குறுக்கால காலையில பாத்த அந்தத் திமிங்கிலம் நிதானமாப் போச்சு. ஒரு சொட்டு யாரு மேலயும் தெறிக்கல.

"வந்தியா"ன்னாங்க பெரியக்கா.

கடல், ஷ்ஷ்ஷ்னுச்சு. அவங்க சொன்ன அதே சத்தம்.

கிளம்புறதுதான் கஷ்டமாப் போச்சு, முதல் நாள் ஒட்டிக்கிட்ட எந்தக் குழந்தைக்கும் அப்படித்தான். உடுப்பு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு விடல. பஸ் மலை ஏறினப்ப வளைவுக்கு வளைவு பின்னாலயே வந்துச்சு, டிரைவர் மழையே இல்லாம வைப்பரைப் போட்டுக்கிட்டு ஓட்டினாரு. பெரியக்கா ஜன்னல் வழியா, "போயிட்டு நாளைக்கு வா"ன்னதும் கொஞ்ச நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுட்டு, இறங்கிப் போச்சு. டிரைவர் அந்த வாரம் வீட்டுக்குப் போய், யாரையும் பாக்காம சுவரைப் பாத்து உக்காந்து வெங்காயம் உரிச்சாரு. பாதி வெங்காயத்துல முதுகு மேல ஒரு குட்டிக் கை விழுந்துச்சாம்.

அதெல்லாம் நடந்து ரொம்ப வருஷம் ஆச்சு. மலை தாண்டின அந்த ஊர்ல இப்ப தினமும் கடல் வருது. ஆரம்பத்துல தெருவுல முணுமுணுத்தாங்க, அப்புறம் வாசப்படியில ஒரு படி கூடக் கட்டிக்கிட்டாங்க. மீன் விலை கொஞ்ச நாள் இறங்கிட்டு, வழக்கம்போல ஏறிடுச்சு. பெரியக்கா வளத்த பிள்ளைங்க பெரிய ஆளாகி அந்தத் தெருவுலதான் வண்டியில போறாங்க, வர்றாங்க, யாருக்கும் பெரியக்காவை அடையாளம் தெரியறதில்ல. காலையில பெரியக்கா கதவைத் திறந்து வச்சுட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உக்காந்து துணி மடிக்க ஆரம்பிப்பாங்க. ரெண்டாவது துணி எடுக்கிறதுக்குள்ள வந்துடும்.