குதிரைப் புட்டி

பையிலிருந்து புட்டியை எடுத்து மணவாளன் மேசைமேல் வைத்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பச்சைக் கண்ணாடிப் புட்டி. வயிற்றில் பாய்கிற குதிரைப் படம், அதன் கீழே பிரெஞ்சு எழுத்து. கழுத்தில் மட்டும் பழைய மஞ்சள் புடவைக் கிழிசல் ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த சிங்காரவேலு எழுந்து வந்து, சாமி படத்தை எடுப்பதுபோல இரண்டு கைகளாலும் அதை எடுத்தான். அந்தச் சென்னைக் காலேஜ் ஹாஸ்டலில் மெஸ் செக்ரெட்டரி அவன்தான். மன்னார்குடிப் பக்கத்து மிராசுதார் மகன்.

"பாத்தீங்களாடா, வந்த அன்னைக்கே! பாண்டிச்சேரிக்காரன்னா சும்மாவா?" என்றான்.

துணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். இழுக்க இழுக்க அது இறுகிக்கொண்டே போனது. கடைசியில் சவரக் கத்தியால் அறுத்துவிட்டுத் தக்கையைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான். மூடிய கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நல்லெண்ணெய்டா!"

கட்டில்கள் ஆடும்படி சிரித்தார்கள். மணவாளனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. பாகூரில் யார் வீட்டுச் சமையற்கட்டிலும் அந்தப் புட்டி நான்கைந்து நிற்கும். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் நெய், ஒன்றில் தேன். டவுனில் துரைமார்கள் குடித்துவிட்டுப் போட்டதைப் பழைய சாமான்காரன் கொண்டுவந்து விற்பான். நல்ல கனமான கண்ணாடி, லேசில் உடையாது. செக்குக்காரர்கூட 'அரைக் குதிரை வேணுமா, முழுக் குதிரை வேணுமா' என்றுதான் கேட்பார். குதிரைப் புட்டி என்றால் அங்கே எண்ணெய்ப் புட்டி. அதற்குள் ஒரு காலத்தில் பிராந்தி இருந்தது என்பதை நினைக்க யாருக்கும் வேலையில்லை.

"இன்னா சிரிப்பு இதுல?" என்று கேட்டான். அது இரண்டாவது தப்பு. சென்னையில் 'இன்னா' என்பவன் ரிக்‌ஷா இழுக்கிறவன். இன்னொரு தடவை சிரித்து ஓய்ந்ததும் சிங்காரவேலு அவன் தோளில் கை போட்டான். "பரவால்லப்பா பிராந்தி. அடுத்த தடவை உள்ளே இருக்கிற சரக்கையும் சேர்த்துக் கொண்டு வா" என்றான். அன்றிலிருந்து மணவாளனுக்குப் பிராந்தி என்றே பேராகிவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவனில்லை.

பட்டப்பேர் கிடைப்பது அவனுக்குப் புதிதும் அல்ல. பாண்டிச்சேரி டவுனில் படித்து பிரெஞ்சுப் பரீட்சை, இங்கிலீஷ் மெட்ரிகுலேஷன் இரண்டும் தேறியவன். அங்கேயே வக்கீலுக்குப் படிக்கலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தான். அம்மா தையலம்மாளும் அதைத்தான் விரும்பினாள். புருஷன் போன பிறகு நிலத்தைத் தானே நின்று பயிர் வைத்து மகனைப் படிக்கவைத்தவள். மகன் டவுனில் இருந்தால் வாரா வாரம் கண்ணால் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. ஆனால் டவுனில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மேசை, முள்கரண்டி, ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம். இவன் புத்தகத்தில் படித்த பிரெஞ்சை ஒரு எழுத்து விடாமல் பேசினான். ஊர் எது என்று கேட்டார்கள். பாகூர் என்றான்; டவுனுக்கே நெல் அளக்கிற ஊர் அது. "ஆ, முசே நெல்லு!" என்றான் ஒருவன், 'நெல்லு துரை' என்பதுபோல. சாப்பாடு முடிவதற்குள் பரிமாறுகிற ஆள்கூட, "முசே நெல்லுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் பேர் என்று நம்பிக் கேட்டான். அதுதான் மணவாளனுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மெட்ராஸுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். காரணத்தைச் சொல்லவில்லை. தையலம்மாள் மூன்றாம் நாள் பெட்டியைத் துடைத்து வைத்தாள்.

டவுனில் அவனைக் கீழே இறக்கிப் பார்த்தார்கள். சென்னையில் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டிலும் அவன் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் தூக்கிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரப் பெண்கள் கடற்கரையில் கைகோத்து நடப்பார்களாமே என்று கேட்பார்கள்; சிரித்து மழுப்புவான். பிரெஞ்சில் ஏதாவது சொல்லு என்பார்கள். அவன் வினைச்சொல் வாய்ப்பாட்டை, "ழெ சுயி, த்யு ஏ, இல் ஏ" என்று மூக்கால் இழுத்துச் சொல்வான். காதல் பாட்டு கேட்டதுபோலத் தலையாட்டுவார்கள். 'இன்னா'வை நாக்கிலிருந்து பிடுங்கி எறிந்து 'என்ன' என்று பழகினான். சாயந்திரங்களில் தனியாகக் குழாயடியில் நிற்கும்போது மட்டும், இவர்களில் ஒருவனாவது என்னிடம் இந்த வருஷம் நாத்து விட்டாச்சா என்று கேட்பானா என்று தோன்றும். தோன்றியதற்காக வெட்கப்படுவான்.

அந்த ஹாஸ்டலில் மெஸ்ஸைப் பிள்ளைகளே நடத்தினார்கள். புதுப் பையன்கள் முதல் டெர்மில் விருந்தாளிகள்போலச் சாப்பிடலாம். செப்டம்பர் கடைசியில் விடுகிற மைக்கேல்மஸ் லீவு முடிந்து திரும்புகிற அன்று சாயந்திரம் கூட்டம் போட்டு, யாரைச் சேர்த்துக்கொள்வது என்று கை தூக்குவார்கள். கை எழும்பாதவனுக்கு மெஸ் இல்லை. மெஸ் இல்லாதவனுக்கு ஹாஸ்டல் இல்லை. வெளியில் அறை எடுத்து ஓட்டலில் சாப்பிட அம்மாவின் நிலம் தாங்காது. அப்புறம் டவுன்தான், முசே நெல்லுதான். லீவுக்குக் கிளம்பும்போது சிங்காரவேலு வாசல்வரை வந்தான்.

"கை தூக்கறது என் பொறுப்பு. குதிரை வரது உன் பொறுப்பு. இந்தத் தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டிடாதே" என்றான். நல்ல சிநேகமாகத்தான் சொன்னான்.

பாகூரில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் ஏறி வந்த தையலம்மாள், மகனை மேலும் கீழும் பார்த்தாள். கிராப்பு நடுவகிடு எடுத்துப் பசை போட்டுப் படிந்திருந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்கற?"

"இன்னாடா புதுசா என்னங்கற? செரி, அத்த வுடு. எண்ணெ புடிச்சிருந்துதா அந்தப் புள்ளைங்களுக்கு?"

"ம். திரும்பி வரப்ப எடுத்தாரச் சொன்னாங்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மெட்ராஸ் பிள்ளைகள் தன் எள்ளு எண்ணெயைக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நடவுப் பெண்களிடமெல்லாம் சொன்னாள். மறுநாளே எள்ளைத் தூற்றிச் செக்குக்கு அனுப்பினாள். மணவாளன் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் அவள் செக்கிலிருந்து வந்த எண்ணெயை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்த்தபோது அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சுப்பராயலு கடைக்குப் போனான். ஊரில் சீமைச் சரக்கு வைத்திருந்த கடை அது ஒன்றுதான்.

"யாருக்குப்பா? அம்மாவுக்கு மறுபடியும் வவுத்து நோவா?" என்று சுப்பராயலு கேட்டார்.

மணவாளன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"சேத்துலயே நின்னா நோவாம இன்னா செய்யும்? ஒரு மூடிக்கு மேல குடுக்காத. நா கேட்டன்னு சொல்லு." அக்கறையோடு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீடு வரும் வழியெல்லாம் அந்தப் புட்டி அவன் அக்குளில் சில்லென்று இருந்தது.

அவன் யோசித்து வைத்திருந்த உபாயம் சுலபமானது. இரண்டும் ஒரே குதிரைப் புட்டி. பச்சைக் கண்ணாடிக்குள் எண்ணெயும் பிராந்தியும் ஒரே கறுப்பு. எல்லைச் சாவடியில் தீர்வை கட்டாத பிரெஞ்சுச் சரக்கு உண்டா என்று கேட்டால் எண்ணெயை எடுத்துக் காட்டினால் போயிற்று. தையலம்மாள் கிழித்துப் போட்டிருந்த அதே மஞ்சள் புடவையில் ஒரு துண்டு எடுத்துப் பிராந்திப் புட்டியின் கழுத்திலும் சுற்றினான். முடிச்சுதான் சரியாக வரவில்லை. தையலம்மாள் இடக்கைக்காரி. அவள் போடுகிற முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும். நெல் மூட்டையானாலும் கட்டுச்சோறானாலும், அவள் கட்டியதை அவிழ்க்கப் போகிறவர்கள் இழுத்து இறுக்கிவிட்டு அவளையே கூப்பிடுவார்கள். மணவாளன் இரண்டு தடவை அதுபோல் போட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தபடியே கட்டினான். அதை யார் பார்க்கப்போகிறார்கள்? துணிப்பையில் அவள் எண்ணெயை வைத்திருந்த பக்கத்துக்கு மறுபக்கம், வேட்டிக்கு அடியில் அதைச் செருகினான்.

கடலூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டியது செல்லப்பன். அவர்கள் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவர். தையலம்மாளும் வந்தாள். எல்லையில் இங்கிலீஷ்காரன் சுங்கச்சாவடி. ஜூனில் போனபோது சாவடிக்காரர் வெயிலுக்குப் பயந்து நிழலை விட்டே எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை குறுக்குக் கட்டையருகிலேயே நின்றிருந்தார்.

"எங்க போறீங்க?"

"புள்ள மெட்ராஸ்ல காலேசு படிக்குதுங்க. ரெயிலேத்தப் போறன்" என்றாள் தையலம்மாள், கேட்காததையும் சேர்த்து.

"காலேஜா?" அவர் மணவாளனைப் பார்த்துச் சிரித்தார். "போன வாரந்தான் உன்னை மாதிரி ஒரு காலேஜுத் தம்பியப் பிராந்தியோட பிடிச்சோம். ஷோக்கா கோட்டு போட்டுக்கிட்டுத்தான் வந்தான். காலேஜுக்குச் சொல்லிப் பேரை எடுத்துட்டாங்க. பையில என்ன?"

 மணவாளன் பையை எடுக்கக் கையை நீட்டினான். அதற்குள் தையலம்மாள் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் பிள்ளையைத் திருடனோடு சேர்த்துப் பேசியது அவளுக்குச் சுருக்கென்றிருந்தது.

"எம் புள்ள அப்பிடியாப்பட்டது இல்லீங்க. எண்ணெதான் வெச்சிருக்குது. நீங்களே மோந்து பாருங்க" என்று கையை உள்ளே விட்டாள்.

எந்தப் பக்கம் விட்டாள் என்று அவன் பார்த்தான். வேட்டி மேலெழும்பியது. பச்சைக் கழுத்து ஒன்று பையின் வாயருகே வந்தது. அவள் பார்வை சாவடிக்காரர்மேல்தான் இருந்தது. விரல்கள் மட்டும் முடிச்சைத் தேடி, பிடித்து, அவிழ்க்கப் போய், அப்படியே நின்றன. கட்டைவிரல் முடிச்சின்மேல் ஒரு தடவை போய் வந்தது. இன்னொரு தடவை போய் வந்தது. பக்கத்தில் மாடு வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. மணவாளனுக்கு, அம்மா, என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

கை மெல்லப் பைக்குள் இறங்கியது. மறுபடியும் வெளியே வந்தபோது அதில் வேறு புட்டி இருந்தது. முடிச்சு ஒரு சுண்டில் அவிழ்ந்தது. தக்கையைப் பிடுங்கி நீட்டினாள். சாவடிக்காரர் குனிந்து முகர்ந்தார். புது எள்ளெண்ணெய் மணம் வண்டி முழுக்கப் பரவியது.

"அட, நெசமாவே எண்ணெதான். இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாங்க" என்றாள்.

அவள் பொய் சொல்லி மணவாளன் கேட்டதில்லை.

"இதுக்குப் போயி பிராந்திப் புட்டியாம்மா? பாக்கிறவன் என்ன நெனைப்பான்?"

"இதோ, இந்தத் தலைக்குத்தாங்க" என்று சொல்லி, இடது உள்ளங்கை நிறைய எண்ணெயைச் சாய்த்து, படிய வாரியிருந்த அவன் தலையில் வைத்து அறைந்தாள். சாவடிக்காரர் உரக்கச் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினார். செல்லப்பன் மாடுகளை அதட்டினார். வண்டி இங்கிலீஷ்காரன் மண்ணில் இறங்கியது.

சாவடி கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. உச்சி, பிடரி, காதோரம் என்று கதிர் கசக்குவதுபோல அழுத்தித் தேய்த்தாள். நடுவகிடு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எண்ணெய் நெற்றியில் இறங்கிக் கண்ணில் கரித்தது. காதுக்குப் பின்னால் வழிந்து, கஞ்சி போட்டு விறைத்திருந்த காலரை நனைத்து, கோட்டுக்குள் போனது. சாயந்திரம் கூட்டம். இந்தத் தலையோடுதான் அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அல்லது பைக்குள் இருப்பதோடு.

"அம்மா, போதும்மா" என்றான்.

 பைக்குள் மற்றது ஒவ்வொரு பள்ளத்துக்கும் பித்தளைக் கூஜாவில் இடித்து ஒலித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த செல்லப்பன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது சத்தம்?"

"ஒண்ணுமில்ல, நீ வண்டிய ஓட்டு" என்றாள் தையலம்மாள். சொல்லிவிட்டுப் புட்டியைச் சாய்த்து இன்னொரு கை எண்ணெய் எடுத்தாள்.