பூட்டுக்காரர் பாடாத எழுபத்தேழு பாட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்குப் பூட்டுக்காரரின் வாயிலிருந்து, பதினொரு வருஷமாக அவர் பாடாத எழுபத்தேழு பாட்டுகளும் வரிசையாக வெளியே வரத் தொடங்கின. கடைசிப் பாட்டு முடியும்போது மணி நாலே கால். நடுவில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் வண்டிக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தார்.

விஷயம் இதுதான். அந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழுவில் இருபத்தாறு பேர். வருஷத்துக்கு ஒரு கச்சேரி, கச்சேரிக்கு ஏழு பாட்டு: ஒரு தாலாட்டு, ஒரு படகுப் பாட்டு, காதலுக்கு ஒன்று, ஊர்வலத்துக்கு ஒன்று, சிரிக்க ஒன்று, அழ ஒன்று, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவைக்க ஒன்று. குழுவுக்குத் தலைவி பல் டாக்டரம்மா. பூட்டுக்காரர் சேர்ந்த முதல் நாளே அவர் குரலைக் கேட்டு டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஆள் நல்ல உயரம், பின்வரிசைக்கு எடுப்பாக இருப்பார். கச்சேரி நடக்கிற மண்டபத்துப் பூட்டோ அவர் கை பட்டால்தான் திறக்கும். ஆகவே அவரை ஓரமாகக் கூப்பிட்டு, நோயாளியிடம் பேசுகிற அதே பதவிசோடு சொன்னார்: "வாயை நல்லா அகலமாத் திறங்க. சத்தம் மட்டும் வேண்டாம்."

அதற்குள் காரியம் கைமீறிவிட்டிருந்தது. பூட்டுக்காரர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசிக்குக் கையை நீட்டுகிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்காரர் குழுவில் பாடுகிறார் என்று அவள் பெருமையடித்து முடித்திருந்தாள். புதுச் சட்டையும் எடுத்தாகிவிட்டது. இந்த மனுஷனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வருஷா வருஷம் கச்சேரிக்கு முந்தின வாரம் முழுக்க அவள் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். பாடாத தொண்டைக்குள் அதை ஊற்றிக்கொண்டு அவர் திருதிருவென்று முழிப்பார். வீட்டில் ஒரு வரி பாடச் சொன்னால், கச்சேரிக்குக் குரலைச் சேர்த்துவைக்கிறேன் என்பார். கச்சேரியன்று அவள் முன்வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பாள். குட்டு உடைந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்பு பதினொரு வருஷமும் அவரை விடவில்லை.

பன்னிரண்டாவது வருஷக் கச்சேரியில் பாட்டைத் தொடங்கிவைக்க டாக்டரம்மா கையைத் தூக்கினார். பூட்டுக்காரர் வழக்கம்போல வாயை அகலமாகத் திறந்தார். உள்ளேயிருந்து முதல் வருஷத்துத் தாலாட்டு கணீரென்று கிளம்பியது. மற்ற இருபத்தைந்து பேரும் கப்சிப். வாயைப் பொத்திப் பார்த்தார். விரலிடுக்கு வழியாக வந்தது. கைக்குட்டையை வைத்து அடைத்தார். கைக்குட்டையைத் தள்ளிக்கொண்டு படகுப் பாட்டு வந்தது. சுருதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரு பாட்டுகூடச் சேரவில்லை. போதாததற்கு ஒவ்வொரு பாட்டும் தன் வருஷத்தையும் கூடவே இழுத்து வந்தது. மூன்றாம் வருஷப் பாட்டுகளில் அப்போது சுவருக்கு அடித்த பெயின்ட் வாடை. ஐந்தாம் வருஷக் கச்சேரியன்று அடைமழை, ஆகவே அந்த ஏழு பாட்டும் முடிவதற்குள் முன்னால் இருந்த மூன்று வரிசையும் தொப்பலாக நனைந்தது. குடை வைத்திருந்தவர் தபால்காரர் ஒருவர்தான். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து அவர் வாய்க்குள் பார்த்தார். கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது, மற்றபடி எல்லாம் சரி என்று சொன்னார்.

பூட்டுக்காரருக்கு மனைவியின் நினைப்புத்தான். எந்த வருஷம் எந்தப் பாட்டு என்று அவளுக்கு அத்துப்படி. அச்சடித்த பாட்டுப் பட்டியல்களையெல்லாம் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறவள். இரண்டாவது பாட்டிலேயே கண்டுபிடித்திருப்பாள், எல்லாம் போச்சு. அவளைப் பார்க்கப் பயந்து, ஐந்து மணி நேரமும் மின்விசிறியைப் பார்த்தபடியே நின்றார்.

எழுபத்தேழாவதாக, வீட்டுக்கு அனுப்பிவைக்கிற பாட்டும் முடிந்தது. ஒருத்தரும் போகவில்லை. மனைவி எழுந்து, நனைந்த புடவையோடு மேடைக்கு வந்து, அவர் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி மடித்தாள்.

"நீங்க பாடலைன்னு முதல் வருஷமே தெரியும்ங்க" என்றாள். "உங்க குரலை இருபத்தாறு பேருக்கு நடுவுல ஒளிக்க முடியுமா? என்னைக்காவது வெளியே வந்துடும்னுதான் முன்னாடியே உட்கார்ந்திருந்தேன். இல்லாட்டி வருஷா வருஷம் வெந்நீர் எதுக்கு வெச்சேன்?"

எழுபத்தேழு பாட்டுக்கும் நின்ற மனுஷன், இதைக் கேட்டதும் பொத்தென்று மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து பட்டியலில் எட்டுப் பாட்டு. எட்டாவது பூட்டுக்காரர் தனியாகப் பாடுவது. அதற்கு டாக்டரம்மா கையைத் தூக்குவதில்லை, நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார். முன்வரிசைக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று குடையோடு வருகிறார்கள். நடு நாற்காலிக்காரி மட்டும் கொண்டுவருவதில்லை.