திரும்பி வந்த காற்று

அந்த மெஷின் காற்றைப் பிடித்து நசுக்குவதில்லை. வீசி எறிகிறது. கூரைமேலிருந்து உறிஞ்சிய காற்று சக்கரத்தின் நடுவில் நுழையும். சக்கரம் சுற்றுகிற வெறியில் அதை விளிம்புக்குத் தூக்கி எறியும். எறிபட்ட காற்று வெளிக்கூட்டில் வேகம் அடங்கி அழுத்தமாக மாறும். அந்த அழுத்தம்தான் குழாய் வழியே போய், பீங்கான் கை அச்சுகளிலிருந்து ரப்பர் கையுறைகளை ஊதிக் கழற்றுகிறது.

காற்றுக்குப் போக வழி இருக்கும்வரை தொல்லை இல்லை. வழி அடைபட்டால், எறிந்த காற்று திரும்பி வந்து சக்கரத்தையே அறையும். சக்கரம் மறுபடி எறியும். காற்று மறுபடி அறையும். பெரிய நாய் ஒன்று இருமுவதுபோலச் சத்தம் வரும். கேட்ட உடனே சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தவேண்டும். அதற்காகத்தான் கம்ப்ரசர் ரூமில் ஓர் ஆள். உடையப்பன்தான் அந்த ஆள்.

அவருக்குக் காது கேட்காது.

பழைய மெஷின் வலது காதை எடுத்தது. இந்தப் புதிய மெஷின் இடது காதில் மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் குழாயில் உள்ளங்கையை வைத்தே வேலையை ஓட்டினார். மெஷினுக்குக் கை போதுமானதாக இருந்தது; ஆட்களிடம் எதிரே நின்று உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். வருடா வருடம் காது பரிசோதனை வேன் வரும். போன முறை, சத்தம் விடும்போதெல்லாம் நர்சின் தோள் அசைவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தன் கையிலிருந்த பொத்தானை அமுக்கித் தேறிவிட்டார்.

தேறாவிட்டால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். பேக்டரி நிற்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். தஞ்சோங் ரம்புத்தான் சாலையிலிருந்து உள்ளே போகவேண்டும். பால்மரங்களை அழித்தவர்கள் ஒரு வரிசை லயத்து வீடுகளை மட்டும் விட்டுவைத்தார்கள், வேலையில் இருக்கிறவர்களுக்கு. உடையப்பனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

காது விஷயம் மனைவி புஷ்பராணிக்கு மட்டும் தெரியும். அவளும் அங்கேதான், கையுறை எண்ணிக் கட்டும் வேலையில் இருந்தாள். யாராவது கூப்பிட்டு அவர் திரும்பாவிட்டால், அவள் தூரத்தில் நின்று காதுத்தோட்டைத் தொடுவாள். "உன்னைக் கூப்பிடுறாங்க" என்று அர்த்தம். அவர் சுற்றிப் பார்த்து, யார் வாய் அசைகிறதோ அந்த ஆளைப் பார்த்துத் தலையாட்டுவார்.

இந்த வருடம் வேன் வரப்போகிறது என்றதும் அவள் பயந்து தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். தம்பி தர்மேந்திரன் அங்கே சூப்பர்வைசர்.

"ரொம்ப நாளாவா?" என்றான் அவன்.

"வெளிய சொல்லிடாதடா தர்மா. அந்த மனுசனுக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

"நான் பாத்துக்கிறேன்க்கா. மச்சான் பேரு லிஸ்ட்ல வராது, போதுமா? சும்மா அழாதலா."

அதோடு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு ஆயுத பூசை வந்தது. எல்லா வருடமும் கம்ப்ரசர் ரூம் வாசலில்தான் படையல். கையுறை லைன்களை நிறுத்துவார்கள். கம்ப்ரசரை நிறுத்தமாட்டார்கள், திரும்பக் கிளப்புவது பெரிய பாடு. வேண்டாத காற்று ஒரு வால்வு வழியாக வெளியே பீய்ச்சிக்கொண்டு போகும். கொரோனா காலத்தில் உலகமே கையுறை கேட்டபோது பேராசையில் வாங்கிப்போட்ட மெஷின் அது. இப்போது பாதி லைன்கூட ஓடுவதில்லை. அதனால் வால்வு எந்நேரமும் சீறிக்கொண்டே இருக்கும்.

இந்த வருடம் முதலாளி, தவுக்கேயே வருகிறார் என்றார்கள். மைக் பிடித்துப் பேசுவாராம். வால்வு சீறினால் அவர் பேச்சு கேட்காது. தர்மேந்திரன் காலையிலேயே வால்வுக்குப் பின்னால் இருந்த கைச்சக்கரத்தைத் திருகி மூடினான். மூடிவிட்டு, மெஷினுக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்த உடையப்பனின் முதுகைப் பார்த்துச் சொன்னான்.

"மச்சான், வால்வை மூடிட்டேன். லைன் நின்னதும் மெஷினை ஆஃப் பண்ணிடுங்க. மறந்துறாதீங்க."

உடையப்பன் சந்தனம் வைத்த இடத்தில் குங்குமம் வைத்து, பொருந்தியதா என்று பார்த்துத் தலையை ஆட்டினார். தர்மேந்திரன் போய்விட்டான்.

வயதில் மூத்தவர் என்பதால் சூடம் காட்டுவது உடையப்பன்தான். வலது கையில் தட்டு, இடது கையில் மணி. புந்தோங்கிலிருந்து வந்த உறுமி மேளக்காரர்கள் தோள் வலிக்க அடித்தார்கள். லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வந்து கூடினார்கள். தவுக்கே செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார்.

மேளத்தோடு மேளமாக மெஷின் இருமத் தொடங்கியது. முதலில் யாருக்கும் பிரித்துத் தெரியவில்லை. மேளம் நின்றது. இருமல் நிற்கவில்லை.

வூப். வூப். வூப்.

தரை அதிர்ந்தது. உடையப்பனின் வெறுங்காலுக்கும் அது தெரிந்தது. பையன்கள் இன்னும் அடிக்கிறார்கள் என்று நினைத்தார். மேளத்தின் தாளத்துக்கு மணியை இன்னும் பலமாக ஆட்டினார்.

"என்னா அண்ணே இவரு, மெஷினு செத்துக்கிட்டு இருக்கு, மணி ஆட்டுறாரு!" என்றான் சீனி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

எல்லோரும் உடையப்பனைப் பார்த்தார்கள். மெஷின் அவருடையது. அவரே சும்மா இருக்கும்போது சாமிக்குச் சூடம் காட்டுகிற நேரத்தில் யார் குறுக்கே போவது? புஷ்பராணி தோட்டைத் தொட்டாள். பிடித்து இழுத்தாள். உடையப்பன் பார்த்தார், புரிந்துகொண்டார், யார் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். தவுக்கேயின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, சூடத்தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

சிவப்புப் பொத்தான் தர்மேந்திரனுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் தவுக்கேக்கு மைக் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் புஷ்பராணிதான் படையலைத் தாண்டி ஓடினாள். பழத்தட்டு காலில் பட்டுச் சிதறியது. அவள் பொத்தானை அமுக்குவதற்குள் உள்ளே இரும்பு இரும்பை உரசும் சத்தம் வந்துவிட்டது.

மெஷின் ரோசாக், கெட்டேபோனது. சக்கரம் போயிற்று. மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, வால்வை யார் மூடியது என்றுதான் முதலில் கேட்டான்.

"நான்தான் பாஸ்," என்றான் தர்மேந்திரன். அவன் குரலில் பதற்றமே இல்லை. "ஆனா மெஷினை நிறுத்தச் சொல்லிட்டுத்தான் போனேன். தலையாட்டினாரு. இவருக்குக் காது கேக்காது பாஸ். மறைச்சிட்டாரு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"டேய்!" என்றாள் புஷ்பராணி.

தவுக்கே நம்பவில்லை. இத்தனை வருடம் வேலை பார்த்த ஆள், எப்படி என்றார்.

"காட்டுறேன் பாஸ்."

உடையப்பன் வாசலில் குந்தி, சிதறிய பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தர்மேந்திரன் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். கத்தவில்லை, வீட்டில் பேசுவதுபோலத்தான் பேசினான்.

"மச்சான். ஒங்க வேலை போச்சு."

உடையப்பன் ஓர் ஆரஞ்சைத் துடைத்துத் தட்டில் வைத்தார்.

"வீட்டைக் காலி பண்ணுங்க மச்சான். இந்த மாசத்தோட சரி."

அடுத்த ஆரஞ்சு உருண்டு சீனியின் காலடியில் கிடந்தது. அதை எடுக்க நிமிர்ந்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். சீனி முதலில் சிரித்தான். "அடப்பாவி, முழு பெக்காக்குடா, செவிடு!" இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஏதோ நகைச்சுவை, தனக்குத்தான் கேட்கவில்லை என்று உடையப்பன் நினைத்தார். பிடிபடக்கூடாது. அவரும் சிரித்தார். மற்றவர்களைவிடச் சத்தமாக, அவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்சம் நேரம்.

தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குப் போனார்.

புஷ்பராணி தம்பியைப் பேக்டரி வாசல் கேட்டருகே பிடித்தாள். சட்டையைப் பிடித்தாள்.

"ஒன்னை நம்பித்தானேடா சொன்னேன்."

"என்னைய என்னா செய்யச் சொல்ற? வால்வை மூடுனது நான். யாராச்சும் ஒரு ஆளு போயாகணும். வேன் வந்தா மச்சான் எப்படியும் மாட்டிருப்பாரு. ரெண்டு பேரும் போறதுக்கு ஒரு ஆளு போனா பத்தாதா?"

"வீடு போவுதுடா."

"நீயே சொல்லிடுக்கா அவருகிட்ட." சட்டையை விடுவித்துக்கொண்டான். "நான் சொல்லிப் பாத்தேன், கேக்கலை."

உடையப்பன் வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையிலிருந்த பூசைச் சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார்.

"மெஷினு ரெடியாக ரெண்டு வாரமாவுமாம்," என்றார். "தர்மா பாவம். வால்வை மூடிட்டு யார்கிட்டயும் சொல்லலை. தவுக்கே திட்டியிருப்பாரு."

"வேலை போச்சு," என்றாள் அவள்.

"ம்?"

"வேலை போச்சுங்க. ஒங்க வேலை."

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். அழுகையில் உதடு கோணிப்போயிருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு வெறி வந்தது.

"தலையாட்டாத! வேலை போச்சு! வீடு போச்சு! ஒனக்குக் காது கேக்காதுன்னு தவுக்கேக்குத் தெரிஞ்சிப் போச்சு!"

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். எதிரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையில் துணியோடு நின்றாள். புஷ்பராணி திரும்பவும் கத்தினாள். லயத்தின் கடைசி வீடுவரை கேட்டது.

உடையப்பனுக்கு 'காது' மட்டும் விழுந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு புள்ள," என்றார். "வெளிய தெரிஞ்சிடப் போவுது."