பன்னிரண்டு நிமிடம் முந்திய கடிகாரம்

"உள்ளயே விட மாட்டேங்குதும்மா! அஞ்சு தடவை பாஸ்வேர்டு போட்டுட்டேன். சொந்த வீட்டு வாசல்லயே என்னை நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு!"

தொலைபேசியில் பொருமியவர் குளிர்கிடங்கின் மேலாளர். கேட்டுக்கொண்டிருந்தவள் தலைமை அலுவலகத்தின் கணினிக்காரி. இரண்டு இடங்களுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர். எந்தக் கிளையில் எந்தக் கணினி மக்கர் பண்ணினாலும் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அதற்குள் புகுந்து சரிசெய்துவிடுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மேலாளர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர் என்பது சம்பளத்தில் சேராத வேலை.

"அத்தான், ஆபீஸ் நேரத்துல என்னை மேடம்னு கூப்பிடணும்."

"சரிங்க மேடம்மா. லாரி நாலு வரிசையில நிக்குது. சீக்கிரம் பாரும்மா."

அவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். கோளாறு ஒரு நொடியில் அகப்பட்டது. கிடங்குக் கணினியின் கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. தலைமைக் கணினியின் நேரத்துக்கும் கிளைக் கணினியின் நேரத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று நேற்று மாலைதான் புது விதி போட்டிருந்தார்கள். அதனால் மேலாளரும் நுழைய முடியாது, அவளும் நுழைய முடியாது.

கடிகாரம் ஏன் முந்தியது? கிளைகளில் நடக்கும் மாற்றமெல்லாம் தலைமைக் கணினியில் பதிவாகும். அதைத் திறந்தாள். விடுகதைக்கு விடை கண்டுபிடித்தவளைப் போல வாய்விட்டே படித்தாள்.

"இது இன்னிக்கு வந்த வியாதி இல்ல அத்தான். மூணு மாசமா தினமும் காலையில ஏழரைக்கு யாரோ பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி தள்ளியிருக்காங்க. ஒம்போது மணிக்குத் திருப்பி வெச்சிருக்காங்க. அட, உங்க பேர்லதானே பண்ணியிருக்கு!"

அங்கே ஸ்பீக்கர் போட்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. மேலாளரின் மேஜைக்கு எதிரே இன்னொருவன் நின்றுகொண்டிருந்தான் என்பதும் தெரியாது.

"அம்மா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றது புதுக் குரல்.

"லைனைக் கட் பண்ணு!" என்று மேலாளர் அலறினார்.

கிடங்குத் தொழிலாளிகள் வாசலில் விரல் வைக்கும் வருகை இயந்திரம் இந்தக் கணினியிலிருந்துதான் நேரத்தை எடுத்துக்கொள்ளும். எட்டு மணி ஷிஃப்டுக்கு ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்தவனும் ஏழு நிமிடம் தாமதம். எல்லாரும் அடித்துப் பிடித்து ஓடிவர வேண்டும் என்று மேலாளர் செய்த ஏற்பாடு. ஒன்பது மணிக்கு லாரிகள் புறப்படும்போது நேரம் ஒத்துப்போக வேண்டும், ஆகவே அதற்குள் திருப்பி வைத்துவிடுவார். இடையில் சிக்கியவர்களுக்கு மாதம் மூன்று தாமதக் குறி விழுந்தால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். சரக்கு தூக்கும் வண்டியைப் பக்கவாட்டில் லாவகமாக ஓட்டுவதால் 'நண்டு' என்று பெயர் வாங்கியிருந்த ஓட்டுநருக்கு அன்று காலைதான் மூன்றாவது கடிதம் கிடைத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சத்தான் மேலாளரின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருந்தான்.

கணினிக்காரி பதறிக் கிடங்கின் கேமராவைத் தன் திரையில் திறந்தாள்; அது தனி இணைப்பில் ஓடுவது. நண்டு கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு, உறைபனி அறையின் கதவோரப் பனியை உடைக்க மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டிருந்தான்.

முதல் அடியில் மேஜைக் கண்ணாடி சிதறியது. இரண்டாவது அடி மேலாளரின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது. அவர் நாற்காலியோடு சரிந்து, நெற்றி மேஜை முனையில் மோதி, முகமெல்லாம் ரத்தமாக எழுந்து ஓடினார். குறுக்கே வந்த காவலாளியின் முழங்காலில் ஒரு போடு போட்டான் நண்டு. அந்தப் பெரியவர் "ஐயோ, என் காலு!" என்று தரையில் உருண்டார். அதைப் பார்த்த சுமைக்காரர்கள் கேட்டுக்கு வெளியே ஓட்டமெடுத்தார்கள்.

மேலாளருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒன்றாம் நம்பர் உறைபனி அறைக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டார்.

"ஒளியறியா? அங்கயே இரு!" நண்டு கதவோரத்துப் பொத்தான் பெட்டியை நாலே அடியில் நொறுக்கினான். கம்பிகள் பொறி கக்கித் தொங்கின. உள்ளே இருக்கும் பொத்தானுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் இணைப்பு. இனி அந்தக் கதவைக் கணினியில் கட்டளை கொடுத்துத்தான் திறக்க முடியும். மின்சாரத்தை நிறுத்தினாலும் பூட்டு விடாது.

அறைக்குள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. அத்தான் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை. தலையில் காயம். மிஞ்சிப்போனால் இருபது நிமிடம் தாங்குவார்.

"போலீசுக்குச் சொல்லிட்டேன். வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகுமாம்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அவள் தன் பெயரில் நுழையப் பார்த்தாள். 'நேரம் ஒத்துப்போகவில்லை. அனுமதி இல்லை.' கிளைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து யாராவது கடிகாரத்தைக் கையால் திருத்தினால்தான் உண்டு. அங்கே நல்ல கையும் காலுமாக மிச்சம் இருந்தவன் ஒரே ஒருத்தன். அவன் இப்போது கடப்பாரையோடு அந்தக் கணினியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே!" என்று கத்தினாள். "அதை உடைக்காதீங்க!"

"யாரு? அத்தான் பொத்தான்னு கொஞ்சினவளா?"

"ஆமா. அவர் என் அக்கா புருஷன்."

"அப்ப உங்க அக்காகிட்ட சொல்லிடு. பொணம் கெடாம வரும், தனியா ஐஸ் வாங்க வேணாம்னு."

"அண்ணே, நேரத்தை மாத்தினது அவர்தான். நான்தான் சொன்னேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்குச் சாட்சி என்கிட்ட இருக்கு. அவர் செத்தா அதை எவன் பார்ப்பான்? நீங்க கொலைகாரன், அவ்வளவுதான் பேச்சு."

கடப்பாரை தலைக்கு மேலேயே நின்றது. "வாயால சொல்ற சாட்சி எனக்கு வேணாம். கையில குடு."

"குடுத்தா நான் சொல்றபடி செய்வீங்களா?"

"முதல்ல குடு."

அங்கிருந்த பிரிண்டர் நேரே நெட்வொர்க்கில் இணைந்திருந்தது, அதற்குக் கிளைக் கணினி தேவையில்லை. கொடுத்த பிறகு அவன் பேச்சு மாறினால்? யோசிக்க நேரமில்லை. தட்டிவிட்டாள். அந்தப் பழைய இயந்திரம் முக்கி முனகிச் சூடாகி, முதல் தாளைத் துப்ப ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது. அவ்வளவு நேரமும் உறைபனி அறைக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது இடைவெளி விட்டுக் கேட்டது.

நண்டு ரத்தம் ஒழுகும் விரலைத் தாளில் வரிவரியாக ஓட்டினான்.

"ஆறாந்தேதி..." அவன் விரல் ஒரு வரியில் நின்றது. "பொண்ணுக்குக் காய்ச்சல். வாந்தியைத் துடைச்சுட்டு ஓடியே வந்தேன். ஏழு ஐம்பத்தி மூணுக்கெல்லாம் விரல் வெச்சேன். லேட்டுன்னான். எனக்கே என் மேல சந்தேகம் வந்துச்சு."

"அண்ணே, உட்காருங்க."

அவன் தாள்களை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தான்.

"கம்ப்யூட்டரை அணைச்சு மறுபடி போடுங்க. எழுத்து வந்ததும் கீபோர்டுல எஃப் டூ கட்டையை விடாம தட்டுங்க. நீலத் திரை வருதா?"

"வருது."

"மேல நேரம் இருக்கும். இப்ப மணி எட்டு முப்பத்தி நாலு. அதை மாத்துங்க."

உடைந்த கண்ணாடி குத்திய விரல் கட்டைகளில் வழுக்கியது. திட்டிக்கொண்டே மாற்றினான். "போட்டாச்சு" என்று அணைத்து மறுபடி போட்டான். அவள் நுழையப் பார்த்தாள். அனுமதி இல்லை.

"சேமிச்சீங்களா? கடைசியில எஃப் டென் தட்டணும்!"

"அதை நீ சொன்னியா?"

சொல்லவில்லை. அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து. அணை, போடு, தட்டு, மாற்று. கதவில் தட்டும் சத்தம் நின்று போயிருந்தது.

எட்டு முப்பத்தெட்டுக்குக் கணினி அவளை உள்ளே விட்டது. கட்டளையை அடித்தாள். உறைபனிக் கதவு முனகிக்கொண்டு நகர்ந்தது. வெண்புகை வெளியே கொட்டியது.

நண்டு கடப்பாரையை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான். "வெளிய வாய்யா. சாவ வேணாம். வா" என்று புகைக்குள் கையை நீட்டினான்.

புகைக்குள்ளிருந்து முதலில் வந்தது பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி. அது நீட்டிய கையின் முழங்கைக்குக் கீழே பாய்ந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது. நண்டு போட்ட கூச்சலில் கணினிக்காரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். புருவத்தில் பனி படிந்து, உதடு நீலம் பாரித்து, ஒரு கை துவண்டு தொங்க வெளியே வந்தார் அத்தான். விழுந்தவனை உதைத்தார். விலாவில், வயிற்றில், முகத்தில்.

"அத்தான், விடுங்க! அவர்தான் உங்களைக் காப்பாத்தினார்! அத்தான்!"

அவர் நிற்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஓடிய சுமைக்காரர்கள் திரும்பி வந்து, நாலு பேராக அவரைப் பிடித்து இழுத்தார்கள். திமிறிக்கொண்டு வந்து ரிசீவரை எடுத்தார். பல் தந்தியடித்தது.

"அந்த... அந்தப் பதிவு. இப்பவே அழி."

அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகிய குரல் அது. ஒரு நாளும் அதட்டாத குரல்.

"உயிர் பிழைச்சதும் இதுதான் கேக்கத் தோணுதா அத்தான்?"

"என் வேலை போயிடும்டி! உங்க அக்கா நடுத்தெருவுல நிப்பா. உனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான். நேரத்தைச் சரியா பாத்துக்கன்னு குடுத்த வேலை." அவள் பொத்தானை அழுத்தினாள். "பதிவை மேலதிகாரிங்களுக்கு அனுப்பிட்டேன். அவர் உங்களை அடிச்சது, நீங்க அவரைக் குத்தினது, ரெண்டும் கேமராவுல இருக்கு. அதுவும் போலீசுக்குப் போகும்."

அவர் ரிசீவரைச் சுவரில் ஓங்கி அடித்தார். இணைப்பு செத்தது. சத்தமில்லாத கேமராவில், ஒரு சுமைக்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்து நண்டின் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ரத்தம் தோய்ந்த தாள்களைப் பிரித்துத் தன் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார். சுவரில் சாய்ந்த மேலாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுடைய கைபேசி அடித்தது. அக்கா. யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏய், என்னடி ஆச்சு? அவரை அடிச்சுட்டாங்களாமே! இருக்காராடி?"

"உயிரோட இருக்கார்க்கா. தோள் உடைஞ்சிருக்கு. நீ நேரா ஆஸ்பத்திரிக்குப் போ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அவர் என்னைப் பத்தி ஒண்ணு சொல்லுவார். அது நிஜம்தான்க்கா. நான்தான் செஞ்சேன்."