எழுந்து ஓடிய கல்

ஏரிக்கரைக்கு வந்து அரை மணி நேரமாகியும் சர்வேயர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. இறங்குவானேன்? கண்ணாடி வழியாகவே எல்லாம் தெரிகிறதே! கரடுமுரடான பாறை, முட்புதர், சரளைக்கல், அதற்கப்பால் தண்ணீர். மடியில் இருந்த படிவத்தில் ‘நிலத்தில் உள்ளவை’ என்ற கட்டத்துக்கு எதிரே, பத்து வருஷத்துக்கு முந்தைய அறிக்கையைப் பார்த்து, ‘கல்லும் முள்ளும் தவிர ஒன்றுமில்லை’ என்று எழுதினார். அந்தப் பழைய அறிக்கையும் அதற்கு முந்தியதைப் பார்த்து அடித்த ஈயடிச்சான் காப்பிதான்.

அந்த ஒரு வரியில்தான் கரையின் தலையெழுத்தே இருந்தது. இந்த இடத்தைச் சரணாலயம் ஆக்கச் சொல்லி ஒரு மனு. பாறையைத் தகர்த்து ஓட்டல் கட்ட இன்னொரு மனு. ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை போனால் அடுத்த வாரமே வெடி வைத்துவிடுவார்கள். மாலை ஐந்துக்குள் அறிக்கை மேசைக்கு வர வேண்டும் என்று அதிகாரி காலையிலேயே இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

“ஒரு நடை இறங்கிப் பாத்துட்டு வந்துரலாமா?” சர்வேயர் பேச்சுக்குத்தான் கேட்டார்.

“எதுக்கு சார் முள்ளுல கிழிபடணும்? கல்லு என்ன எந்திரிச்சு ஓடியா போயிடப் போவுது?” என்றார் டிரைவர்.

நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்தைப் போட்டு, மை காயட்டும் என்று தாளைத் தூக்கிப் பிடித்தார். வந்ததே ஒரு காற்று! தாள் ஜன்னல் வழியே பறந்து, சரிவில் இறங்கி, ஒரு முட்புதரில் போய் மாட்டிக்கொண்டது.

“போச்சுடா!” என்று சர்வேயர் இறங்கி ஓடினார். முள் சட்டைக் கையைக் கிழித்தது. வழுக்கி உட்கார்ந்த இடத்தில் கால்சட்டை நனைந்தது. அந்தக் காய்ந்த பாறையின் இடுக்கில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது! அது எந்த அறிக்கையிலும் இல்லை. தலைக்கு மேலே ஓர் ஆள்காட்டிக் குருவி கத்து கத்தென்று கத்தியது. தாளைப் பறித்துக்கொண்டு அடுத்த அடி வைக்கக் காலைத் தூக்கினார். காலடியில் கிடந்த கல் எழுந்து ஓடியது.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. ஓடியது கல்லில்லை, கல் நிறத்தில் ஒரு குஞ்சு. அது எழுந்த இடத்தில் இன்னும் மூன்று ‘கற்கள்’. புள்ளி விழுந்த முட்டைகள்.

“யோவ் டிரைவர்! காலை எங்க வைக்கிறதுன்னே தெரியலை. சீக்கிரம் வாய்யா!”

ஒற்றைக் காலில் நின்ற சர்வேயரைப் பார்த்து முதலில் சிரித்த டிரைவர், கிட்டே வந்ததும் வாயை மூடிக்கொண்டார். “ஆடாதீங்க சார். வலது பக்கம்... இன்னும் கொஞ்சம்... ஆங், அந்தத் தட்டைப் பாறையில வைங்க.”

கால் பாறையைத் தொட்டதும் சர்வேயருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா, ஒரு முட்டைகூட உடையவில்லை! பிறகுதான் கையிலிருந்த தாளைப் பார்த்தார். காலுக்குத் தப்பியதை இந்தக் கையெழுத்து அல்லவா நசுக்கியிருக்கும்!

அதை அங்கேயே கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருவரும் பொழுது சாயும்வரை கரை முழுக்க நடந்தார்கள். ஐந்து மணிக்கு அதிகாரி போன் செய்தபோது, “நாளைக்குத்தான் சார் வரும். திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க” என்றார் சர்வேயர். மறுநாள் போன அறிக்கை ஏழு பக்கம்.

ஆறு மாதம் கழித்து அந்தக் கரையில் சரணாலயப் பலகை நட்டார்கள். குழி தோண்டுமுன் டிரைவர் குனிந்து சரளையை மூன்று தடவை தடவிப் பார்த்தார்.

“ரெண்டு தடவை ஒண்ணுமில்லைன்னு வந்த இடத்துல, இவ்வளவும் எங்கேருந்துய்யா வந்துச்சு?” என்று கேட்டார் அதிகாரி.

“எங்கேருந்தும் வரலை சார், எல்லாம் இங்கதான் இருந்துச்சு. நாங்கதான் வரலை. இறங்கிப் பாக்காதவனுக்கு, ஒண்ணுமில்லைன்னு எழுத உரிமை கிடையாது சார்” என்றார் சர்வேயர்.