எடைமேடையில் என் வீட்டுக்காரர்

எங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிட்டாங்க. கேட்டதும் எனக்கு ஒண்ணும் ஓடல. லாரி என் பேர்ல, ஓட்டுறது அவர். அதனால அன்னிக்கே துறைமுகத்துக்குப் போய் மேனேஜர் முன்னாடி நின்னேன்.

கப்பல்ல வந்த கோதுமையைத் தொட்டியில எடை போட்டுத்தான் லாரியில கொட்டுவாங்களாம். வெளியே வர்றப்ப வாசல் எடைமேடையில திரும்ப எடை போட்டா குறையுதாம்.

“எல்லா வண்டியிலயும் கொஞ்சம் குறையுதும்மா. உங்க வீட்டுக்காரர் வண்டியிலதான் ரொம்ப. நடுவுல எங்கேயோ இறக்குறார். நாளையிலேருந்து அவர் உள்ளே வர வேணாம்,” அப்படின்னார் மேனேஜர்.

“இன்னிக்குப் பொழுது முடியலையே சார்,” அப்படின்னுட்டு வாசல்லயே உக்காந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பாக்கல. “ஒரு பிடிகூட எடுக்கலம்மா,” அப்படின்னுட்டு வண்டியை எடுத்தார்.

காலி வண்டி எடைமேடையில ஏறுச்சு, எடையைக் குறிச்சுக்கிட்டாங்க. காலியா போறப்ப எடைச் சீட்டு வாங்க வேண்டியதில்ல, அதனால அவர் உக்காந்த இடத்துலேருந்து கையை ஆட்டிட்டு உள்ளே போனார். கோதுமையோட திரும்பி வந்தப்ப மூச்சு வாங்க இறங்கி, ஜன்னல்கிட்ட சீட்டுக்கு நின்னார். அப்பதான் உள்ளே எடை எடுத்தாங்க. அடுத்து வந்த ஒல்லி டிரைவரை ‘குச்சி’ன்னுதான் கூப்பிடுவாங்க, அவனும் அதையேதான் செஞ்சான்.

எனக்குப் பொறி தட்டுச்சு. மேனேஜரைக் கையோட கூட்டிட்டு வந்தேன்.

“சார், வண்டி காலியா போறப்ப இவர் உள்ளே இருக்கார். சரக்கோட வர்றப்ப கீழே நிக்கிறார். இவர் எடையைக் கோதுமையிலேருந்துல்ல கழிக்கிறீங்க?”

மேனேஜர் ஒரு காலி லாரியை மேடையில ஏத்தச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் ஏறி உக்காந்தார், இறங்கினார். அவர் வண்டியில ஒவ்வொரு தடவையும் எவ்வளவு குறைஞ்சுதோ, திரையில அவ்வளவும் இறங்குச்சு. குச்சி ஏறி இறங்கினப்ப அவன் வண்டிக் கணக்கும் ஒத்துப்போச்சு.

“அண்ணி, அண்ணனுக்குச் சோத்தைக் குறைங்க. துறைமுகமே நஷ்டப்படுது,” அப்படின்னான் குச்சி. மேனேஜருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

“தப்பு எங்க மேலதாம்மா. மனசுல வெச்சுக்காதீங்க,” அப்படின்னார் தணிஞ்ச குரல்ல.

“திருடன்னு ஊரறியச் சொன்னீங்க. இதை மட்டும் என் காதுல சொன்னா எப்படி?”

மேனேஜர் லாரிகளைக் கூப்பிடுற மைக்கை எடுத்தார். “எல்லா டிரைவர்களும் கேளுங்க. இந்தம்மா வீட்டுக்காரர் திருடல. எடை போட்ட முறைதான் தப்பு. இவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன்.”

வரிசையில நின்ன அத்தனை லாரியும் ஹாரன் அடிச்சுது. எங்க வீட்டுக்காரர் அத்தனை பேருக்கும் நடுவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நான் தலையை நிமித்திக்கிட்டு நின்னேன்.